கிலோ நாற்பத்தொன்று

கொருக்குப்பேட்டை குடோனில்
குப்புறக் கிடத்தியிருந்தார்கள்.
மேலே ஒரு ஆட்டோ சேஸிஸ், ரெண்டு கேஸ் அடுப்பு.
"லேத்தா வேணும்னா லேத்து வெல,
இரும்பா வேணும்னா இரும்பு வெல"
என்றார் ஜாபர்.
இரும்பாகவே வாங்கினேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ,
துருவும் சேர்த்து.

தேரடி தாண்டும்போது மீன்பாடி வண்டி
ரெண்டு தடவை பின்சக்கரத்தைத் தூக்கியது.
ரயில்வே கேட்டில் நின்ற நேரம்
தார்ப்பாய்ப் போர்வையைப் பார்த்து ஒருத்தர் கேட்டார்:
"பொணமா, பொருளா?"
எனக்கே சரியாகத் தெரியவில்லை.

மூன்று மாசம் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும்.
பகலில் டிப்போவில் டிக்கெட் கணக்கு,
ராத்திரி பத்துக்கு மேல் கியர்ப் பல் கணக்கு.
நாற்பதுக்கு முப்பத்தேழுதான் இருந்தது.
"எனக்கும் மூணு போச்சு" என்று
வாயைத் திறந்து காட்டினார் மாடிவீட்டுப் புஷ்பராணி.

சுரண்டச் சுரண்ட,
பச்சைக்கு அடியில் சாம்பல்,
சாம்பலுக்கு அடியில் வேறொரு பச்சை.
யார் யாரோ புதுசாக்கப் பார்த்திருக்கிறார்கள்.
கடைசியில் இங்கிலீஷில் ஏதோ ஊர்ப்பெயர், பாதி உதிர்ந்து.
பக்கத்தில், சென்டர் பஞ்சால் அடித்து அடித்து,
புள்ளிக்கோலம் மாதிரித் தமிழில்:

கோதண்டம் பாக்கி 14 ரூ.

எண்ணினேன். நூற்று அறுபத்தெட்டுப் புள்ளி.
பதினாலு ரூபாய்க்கு ஒரு ஆள்
அத்தனை தடவை சுத்தியலைத் தூக்கியிருக்கிறான்.
அதன்மேல் மட்டும் பெயிண்ட் அடிக்கவில்லை.

டிசம்பரில் தண்ணீர் வந்தது.
வெறும் தண்ணீர் என்றால் பழகினதுதான்.
இது கருப்பாய், மினுமினுப்பாய்,
கண்ணை எரிக்கும் வாடையோடு
இடுப்பளவு நின்றது ரெண்டு நாள்.
அரிசி போச்சு. பிரிட்ஜ் மிதந்தது.
எதிர்வீட்டுத் தேசப்பன் வலையைச் சுருட்டி
ரோட்டோரம் போட்டுவிட்டு
அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

வடிந்த பிறகு கதவைத் தள்ளினேன்.
என் துணி எட்டாத இடுக்கு வரை
எண்ணெய் பூசிக்கொண்டு நின்றது லேத்து.
பெட்டில் ஒரு பொட்டுத் துரு இல்லை.
நன்றி என்று நினைத்த மறுநிமிஷம்
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

புஷ்பராணி தன் பழைய கிரைண்டர் மோட்டாரைத் தந்தார்.
நான் ஓட்டும்போதெல்லாம் அவர் டியூப்லைட் மங்கும்,
காலால் ஒரு தட்டுத் தட்டுவார்.
முதல் சுருள் சுடச்சுடப் புறங்கையில் விழுந்தது.
சக்குப் பக்கம் பெட் தேய்ந்திருக்கிறது,
ஒரு தலைமயிர் கனத்துக்கு.
வருஷக்கணக்கில் அங்கேயே நிறுத்தி வேலை வாங்கியிருக்கிறார்கள்.
நேராய்ச் சீவச் சொன்னால் லேசாய்க் கூம்பும்.
திருத்தக் காசில்லை.
எந்த இஞ்சில் எவ்வளவு பொய் சொல்லும் என்று
சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன்.
கை அதற்கேற்ப விட்டுக்கொடுக்கும்.

பொங்கலுக்கு முந்தின வாரம் தேசப்பன் வந்தார்,
படகு இன்ஜினின் தண்ணிப் பம்பைச் சாக்கில் சுற்றிக்கொண்டு.
புஷ் போயிருந்தது.
கன்மெட்டல் துண்டில் மூன்று தடவை கெடுத்தேன்.
நாலாவது, உள்ளங்கை அழுத்தத்தில்
சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது.

"எவ்ளோமா?"
"மெதுவா குடுங்க."

அவர் கண் அந்தப் புள்ளிகள்மேல் போய் நின்றது.
எழுத்துக் கூட்டிப் படித்தார்.
சட்டைப்பையைத் துழாவி
நனைந்து காய்ந்து மொடமொடத்த ஒரு நூறு ரூபாயை
டூல்போஸ்ட் மேல் வைத்தார்.
"இதுல என் பேரு ஏறக் கூடாது."

மீதிக்கு நாலு நாள் கழித்துக் கானாங்கத்தை.
"தூரத்துல புடிச்சது, வாட இருக்காது."
முகர்ந்து பார்த்தேன்.
மீனில் இல்லை.
என் கையில் இருந்தது.